நாற்பது கைநாட்டு, ஒரு கட்டைவிரல்

வீடு வீடாகச் சத்துமாவு கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எத்தனை கரண்டி, எவ்வளவு வெந்நீர், எந்த மாதத்தில் என்ன கொடுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

நான் இந்த வேலையில் நல்ல பெயர் எடுத்து ஓய்வு பெற்றவன். அந்த நல்ல பெயர் எதில் தொடங்கியது என்பதை என்னோடு வேலை பார்த்த யாருக்கும் சொன்னதில்லை. ஒரு திருட்டைக் கண்டுபிடித்ததில் தொடங்கியது. அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. நடக்காத திருட்டுக்காக ஒரு பெண் வேலையை இழந்தாள். ஒரு குழந்தை, வளர வேண்டிய காலத்தில் வளராமல் நின்றுபோனது. இரண்டுக்கும் கீழே இருப்பது என் கையெழுத்து.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சித்தூர் ஜில்லாவில் தாய் சேய் நல மையங்களுக்கு சூப்பர்வைசராக எனக்கு வேலை கிடைத்தது. வயது இருபத்தைந்து. எங்களுடையது திருப்பதியில் கோயில் கைங்கரியத்தில் இருந்த வைணவக் குடும்பம். அதில் காலேஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்த முதல் ஆள் நான். கப்பலில் வந்த கொழுப்பு நீக்கிய பால் மாவு எங்களுக்கு டிரம் டிரம்மாக வரும். கூடவே மீன் எண்ணெய் டின்கள். கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் அவற்றைக் கொடுக்க வேண்டும். மீன் எண்ணெய் வாடை வேட்டியில் ஏறினால் நாலு சலவைக்கும் போகாது. சனிக்கிழமை நான் திருப்பதிக்குப் போனால் அம்மா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“கிணத்தங்கரையிலேயே நில்லு. அந்த டின்னைத் தொட்ட கையோட ஆத்துக்குள்ள வராதே. பெருமாளுக்குத் தளிகை பண்ற இடம்டா இது.”

“குழந்தைகளுக்குக் கொடுக்கற மருந்தும்மா.”

“குழந்தைகளுக்குக் கொடு, நன்னாக் கொடு. எனக்கு ஏன் கொண்டுண்டு வரே?”

சித்தூரில் எனக்கு மேலே இருந்த டாக்டர் கண்டிப்பானவர், நேர்மையானவர். முதல் நாளே என்னை உட்காரவைத்து, “எவர்னீ நம்மொத்தய்யா” என்றார். யாரையும் நம்பாதே. பால் மாவு சந்தைக்குப் போகிறது, மிட்டாய் போடுகிறவர்களுக்குப் போகிறது என்று அவருக்கு மொட்டைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. சில கடிதங்களில் உண்மையும் இருந்தது.

அந்த அறிவுரையைப் பின்பற்ற எனக்குச் சிரமமே இருக்கவில்லை. என் சுபாவமே அதுதான். மையங்களுக்குச் சொல்லாமல் போய் இறங்குவேன். டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவேன். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அயோடின் குப்பி இருக்கும். பால் மாவில் வேறு மாவு கலந்திருந்தால் ஒரு சொட்டில் நீலமாகிவிடும். நான் குப்பியின் மூடியைத் திருகும்போது மையத்து ஊழியர்களின் முகத்தில் ஒரு பயம் வரும். அந்தப் பயம் எனக்கு ருசித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ருசித்தது.

நகரிக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். தலைமுறைகளாக அங்கே இருக்கும் தமிழ்க் குடியானவர்கள். கரும்பும் கேழ்வரகும் போடுவார்கள். அந்த ஊர் ஆந்திராவில் இருக்குமா மெட்ராஸோடு போகுமா என்று யாருக்கும் தெரியாத காலம். இரண்டு பக்கத்து ஆட்களும் காகிதத்தோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் எவனையும் ஊர் நம்பவில்லை. எங்கள் பால் மாவைப் பற்றியும் கதைகள் உலவின. அது எலும்புப் பொடி, அது பன்றிப் பால், அதைக் குடித்தவளுக்கு அடுத்த பிள்ளை தங்காது என்றார்கள். ஒரு கிழவர் என்னிடமே, “இத்தக் குட்ச்சா கொயந்தைக்கு தெலுங்குதான் வாயில வருமாமே?” என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஊர்க் குழந்தைகள் குட்டையாக இருந்தன. வயதுக்கு ஏற்ற உயரம் என்று நீங்கள் இப்போது அட்டவணை வைத்துப் பார்க்கிறீர்கள். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து ஒன்றரை வயது என்று எழுதப் போவோம். தாய்தான் திருத்துவாள்.

மையத்தில் இருந்தவள் கன்னியம்மா. சொந்த ஊர் குடிபாலா. கணவனை இழந்தவள். பிரசவம் பார்க்க வேலூரில் பயிற்சி எடுத்தவள். வயது நாற்பதுக்கு மேல். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவளை நான் நீ என்றுதான் பேசினேன். அவள் என்னைச் சாமி என்றாள்.

முதல் தடவை போனபோது டிரம்மில் இருந்த மாவு சுத்தமாக இருந்தது. பக்கத்தில் மூடிவைத்திருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்தேன். உள்ளே பழுப்பாக ஏதோ மாவு. ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாகியது.

“என்ன இது?”

“கேவுரு மாவு சாமி. வறுத்து அரைச்சது. பவுடரோட கலந்து வச்சிகினு கீறேன்.”

“யார் கலக்கச் சொன்னா?”

“வெறும் பவுடரு குட்ச்சா சின்னதுங்களுக்கு பேதியாவுது சாமி. அம்மாக்காரிங்க வாங்கிகினு போயி குப்பையில கொட்றாளுங்க. கேவுரு மாவு சேத்து கஞ்சியாக் காச்சினா வயித்துல நிக்குது. நீங்க குடிக்க மாட்டீங்க, சரி. மோந்தாவது பாருங்க.”

“கேழ்வரகு எங்கிருந்து வருது?”

“எங்கண்ணன் நெலத்துது. மாசத்துக்கு ஒரு தபா பஸ்ஸுல போட்டு அனுப்புது.”

கேட்டவுடன் பதில் வந்தது எனக்குச் சந்தேகமாக இருந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால் அதையும் சந்தேகித்திருப்பேன். அரசாங்க வேலைக்காகத் தன் வீட்டுத் தானியத்தை யார் கொட்டுவார்கள்? பாதி கேழ்வரகு என்றால் மீதிப் பால் மாவு எங்கே போகிறது? அதை என் நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டேன்.

இரண்டாவது தடவை மழை நாள். அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சுவர் மாடத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அனுமதி கேட்காமல் திறந்தேன். உள்ளே கறுப்புக் கயிறுகள். குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறுதான். ஆனால் ஒவ்வொன்றும் நீளமாக, நெடுக முடிச்சு முடிச்சாக இருந்தது. நுனியில் ஒரு துண்டுப் புடவைக் கரை.

“செய்வினை வேற பண்றியா?”

கன்னியம்மா சிரித்துவிட்டாள். “ஐய, அதெல்லாம் இல்ல சாமி. அது பசங்க ஒசரம்.”

“உயரம் பார்க்கணும்னா படுக்கவச்சு அளக்கறதுதானே? எதுக்கு இந்தக் கூத்து?”

“படுக்க வச்சி தலையிலருந்து காலு வரிக்கும் அளந்தா பெத்தவ சும்மா உடுவாளா? பொணத்துக்குத்தான் அப்பிடி அளப்பாங்க. தொடப்பத்த எட்த்துகினு வருவா. நானு தலைக்கி ஊத்தி உடற நேரத்துல, கால்மேல போட்டுகினு, அரணாக்கவுறு அளவெடுக்கிறேன்னு சொல்லி அளந்துக்குவேன். மாசத்துக்கு ஒரு முடிச்சி.”

“இந்தத் துணி?”

“யாரு கொயந்தைன்னு தெரியணுமில்ல? அவங்கவங்க பொடவையில ஒரு துண்டு.”

“அதைத்தான் நோட்டுல பேர் போட்டு எழுதச் சொல்லியிருக்கே!”

“நோட்டு உங்களுக்கு சாமி. கவுறு எனக்கு.”

எனக்கு அது திமிராகப் பட்டது. அவள் டின்னை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அப்போதுதான் அவளுடைய வலது கட்டைவிரலைக் கவனித்தேன். குறுக்கே ஒரு பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு. வெள்ளையாக, நேர்க்கோடாக.

மாவு வாங்கியவர்கள் கைநாட்டு வைத்த ரிஜிஸ்தரை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தில் அதை வேலிமுத்ர என்பார்கள். லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பது பெயர், நாற்பது கைநாட்டு. நாற்பதிலும் மை படாத அதே கோடு, அதே இடத்தில். பெயர்களையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். நாற்பதில் பதினொரு பேர் வள்ளியம்மா. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த நோட்டையும் நான் புரட்டியதில்லை.

“இது யார் விரல்?”

அவள் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். “என்னுதுதான் சாமி.”

“நாற்பதுமா?”

“நாப்பதும்.”

“பேரெல்லாம்?”

“நான் வச்சதுதான். பொம்பளைங்க பேரு சொல்ல மாட்டேன்றாங்க, வெரலு வெக்க மாட்டேன்றாங்க. நோட்டு ரொம்பலன்னா அடுத்த மாசம் டிரம்மு வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஏன் வைக்க மாட்டேங்கறாங்க?”

“அத்த நான் சொல்லக் கூடாது. அவங்களையே கேளுங்க. ஆனா ஒண்ணு சாமி, தனித்தனியா கேளுங்க. ஆம்பளைங்கள வச்சிகினு கேக்காதீங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அன்று அதைக் கேட்டுவிட்டு, ஆண்கள் இல்லாவிட்டால் பெண்களை மிரட்டித் தன் பக்கம் பேசவைக்கலாம் என்று பார்க்கிறாள் என நினைத்தேன். பஸ்ஸில் சித்தூருக்குத் திரும்பும்போதே அறிக்கையை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம் டாக்டரே ஜீப்பில் வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறையில் விசாரணை. ஆண்கள் முன்னால் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். அந்த ஊரில் சொல் செல்லுபடியாகிற ஒருவர் இருந்தார். கரும்பு ஆலை வைத்திருந்தவர். முதல் பெஞ்சில் அவர். அவருடைய மருமகள் பவுனு சுவரோரத்தில். இருபது வயது இருக்கும். வயிற்றில் ஐந்து மாதம். இடுப்பில் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை.

பால் மாவு வாங்கினீர்களா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். பெண்கள் வாய் திறக்கும் முன் பவுனுவின் மாமனார் தமிழில் பதில் சொன்னார்.

“எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் எதுவும் வாங்கல. எதுலயும் வெரலு வெக்கல. அதுல கீறது எங்க வெரலு இல்ல.”

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு பெண்ணாகப் போய்க் கேட்டு எழுதினேன்.

“வாங்கல சார்.”

“வாங்கல.”

“பவுடரா? மூஞ்சிக்குப் போடறதா?” என்றாள் ஒருத்தி. ஆண்கள் சிரித்தார்கள்.

பவுனுவிடம் வந்தேன். அவள் இடுப்பிலிருந்த குழந்தை என்னைத் தாண்டி, கதவருகே நின்ற கன்னியம்மாவை நோக்கி இரண்டு கையையும் நீட்டிச் சாய்ந்தது. பவுனு அதை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அப்போது அதன் முகம் எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. மேலுதட்டின் மேல் காய்ந்த கஞ்சி. வெளிர்ப் பழுப்பு. அந்தப் பால் மாவுக்கு இலேசாகத் தீய்ந்த ஒரு வாடை உண்டு. எத்தனையோ டிரம்களில் முகர்ந்த வாடை. அது அந்தக் குழந்தையிடமிருந்து வந்தது.

“வாங்கல” என்றாள் பவுனு, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் ‘வாங்கவில்லை’ என்று எழுதினேன்.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை வருஷங்களில் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் நடந்தது. டாக்டர் என் வார்த்தையை நம்பி ஜீப் எடுத்து வந்திருக்கிறார். அயோடின் இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது, பெண்களின் வாக்குமூலம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் உதட்டைப் பற்றி வாய் திறந்தால் மூன்றும் ஆட்டம் காணும். நான் வாய் திறக்கவில்லை.

நீ என்ன சொல்கிறாய் என்று டாக்டர் கன்னியம்மாவைக் கேட்டார். அவள் சுவரோரத்தில் நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்.”

திரும்பும் வழியில், புத்தூர் தாண்டியதும், டாக்டர் ஜீப்பில் ஒரு கேள்வி கேட்டார். “ஒண்ணு எனக்குப் பிடிபடலையே. திருடறவ மைதாவை இல்ல கலப்பா? வெள்ளையோட வெள்ளையா போயிருக்கும். கேழ்வரகை வறுத்து, அரைச்சுக் கலக்க எதுக்கு மெனக்கெடணும்?”

சரியான கேள்வி. எனக்கு இரண்டாவதாகக் கிடைத்த சந்தர்ப்பம்.

“அவளுக்கு அவ்வளவு புத்தி போதாது சார்” என்றேன். டாக்டர் தலையாட்டினார்.

கன்னியம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஊருக்கு மாவு தேவையில்லை என்று பெண்களே சொல்லிவிட்டதால் மையத்தை மூடினார்கள். டிரம்கள் வேறு ஊருக்குப் போயின. கறாரான பையன் என்று எனக்குப் பெயர் வந்தது. பிறகு கிடைத்த பதவி உயர்வுகளெல்லாம் அந்தப் பெயரில் ஏறி வந்தவை.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் போயிற்று. எல்லைத் தகராறு தீர்ந்தது. சில ஊர்கள் அந்தப் பக்கம், சில ஊர்கள் இந்தப் பக்கம் என்று முடிவாயிற்று. அந்தக் கிராமம் மெட்ராஸ் பக்கம் போனது. போகிற ஊர்களின் கோப்புகளையும் சாமான்களையும் பட்டியல் எழுதி ஒப்படைக்கச் சொன்னார்கள். என் அலமாரியின் அடித்தட்டில், விசாரணையன்று சாட்சிப் பொருளாக நான் எடுத்துவந்த அந்த பிஸ்கட் டின் இருந்தது. எத்தனை கயிறு என்று எண்ணி எழுதுவதற்காகத்தான் திறந்தேன்.

மேஜைமேல் ஒவ்வொன்றாக நீட்டி வைத்தேன். வரிசையாக வைத்ததும் ஏதோ கண்ணில் தட்டியது. எல்லாக் கயிற்றிலும் ஓரிடத்தில் முடிச்சுகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கியிருந்தன. அதற்கு முன்னும் பின்னும் நல்ல இடைவெளி. அது எந்த மாதம் என்று கடைசி முடிச்சிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். வெள்ளத்தில் பாதை அறுந்து நாங்கள் அந்த ஊருக்கு டிரம் அனுப்ப முடியாமல் போன மாதங்கள். டிரம் வந்த மாதம் முடிச்சு விலகுகிறது. வராத மாதம் ஒட்டிக்கொள்கிறது. சந்தையில் விற்ற மாவு குழந்தைகளின் உயரத்தில் ஏறாது. அந்தக் குழந்தைகள் குடித்திருக்கின்றன. எங்கள் ஜில்லாவில் எந்த மையத்திலும் இல்லாத ஒரு பதிவை அவள் வைத்திருந்தாள். நான் அதைச் செய்வினை என்றேன்.

இந்த முறை தனியாகப் போனேன். ஆண்கள் கரும்பு வெட்டப் போயிருந்த நேரம். பவுனு வீட்டுப் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூளியில் ஒரு கைக்குழந்தை. என்னைக் கண்டதும் எழுந்தாள். பையிலிருந்த கயிறுகளைக் காட்டினேன். அரக்குக் கரைத் துண்டு கட்டிய ஒன்றை அவள் எடுத்தாள்.

“என் கூறப் பொடவ” என்றாள். பிறகு, “அந்தம்மா நல்லா கீதா சார்?”

“அன்னிக்கு ஏன் வாங்கலைன்னு சொன்னீங்க?”

“மாமனாரு எதுருல குந்திகினு கீறாரு. இன்னான்னு சொல்லுவேன்? அதுக்கு முன்ன ஒரு தபா, கிருஷ்ணாயிலு குடுக்கறாங்கன்னு எவனோ வந்தான். எங்க மாமியாரு நம்பி வெரலு வச்சிட்டாங்க. பாத்தா அது இந்த ஊரு ஆந்திராவுலயே இருக்கட்டும்னு எழுதின காயிதம். எங்க மாமனாரு மெட்ராஸு மெட்ராஸுன்னு மனு குடுத்துகினு கீறாரு, அவரு பொண்டாட்டி வெரலு அதுல கீது! ஊரே சிரிச்சிச்சி. அன்னியிலருந்து எவ எதுல வெரலு வச்சாலும் பொறந்த வூட்டுக்கு மூட்டயக் கட்டிட வேண்டியதுதான்னு ஆம்பளைங்க சேந்து சொல்லிட்டாங்க.”

“கன்னியம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாமயா? ‘நீங்க வெக்க வாணாம்டி, என் வெரலு சும்மாதான கீது’ன்னுச்சி. பின்னால கொல்ல வழியா வந்து, நிக்க வச்சி, குடிக்கச் சொல்லிப் பாத்துட்டுதான் போவும்.”

அதற்குள் யாரோ என் வேட்டியை இழுத்தார்கள். குனிந்து பார்த்தேன். அந்தப் பெண் குழந்தை.

“நீ யாரு? எங்கம்மா பொடவைய ஏன் எட்த்துகினு வந்த?”

தெளிவான பேச்சு. மூன்று வயதுக்கு உரிய பேச்சு. உடம்பு ஒன்றரை வயதில் நின்றிருந்தது. பவுனுவிடம் கேட்டுக்கொண்டு கயிற்றைக் குதிகாலிலிருந்து பிடித்துப் பார்த்தேன். கடைசி முடிச்சுக்கு மேலே மூன்று விரல். முக்கால் சாணாவது வளர்ந்திருக்க வேண்டிய காலத்தில் மூன்று விரல்.

பால் மாவு நின்றதால் மட்டும்தான் அவள் வளரவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். இடையில் இரண்டு தடவை பேதி கண்டதாம், ஒரு தடவை அம்மையாம். ஆனால் பேதி கண்டால் என்ன கொடுப்பது என்று தெரிந்த ஒருத்தி அந்தக் கொல்லை வழியாக வந்துகொண்டிருந்தாள். அவளை நிறுத்தியவன் நான். இரண்டு வயதுக்குள் போன உயரத்தைப் பிறகு எதைக் கொடுத்தும் முழுதாகத் திருப்ப முடியாது என்று இன்று உங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். அன்று எனக்கு அது அந்தக் கயிற்றில் தெரிந்தது.

நடந்ததை ஒரு தாளில் எழுதிப் பவுனுவுக்குப் படித்துக் காட்டினேன்.

“குடுங்க, வெக்கிறேன்” என்றாள். “இப்பதான் எல்ல முடிஞ்சிப்போச்சே. இனிமே எங்க வெரலு யாருக்கு வேணும்?”

பக்கத்து வீட்டுப் பெண்களையும் அவளே கூப்பிட்டு வந்தாள். பதினாறு பேர் கட்டைவிரலை வைத்தார்கள். பதினாறும் வேறு வேறு.

அந்தத் தாளோடு, குழந்தையின் உதட்டில் நான் பார்த்ததையும் எழுதிச் சேர்த்து அனுப்பினேன். டாக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அந்தக் கிராமம் இப்போது நம் ஜில்லாவில் இல்லை, ஆகவே விசாரிப்பதற்கில்லை என்று ஒரு பதில் வந்தது. அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். அந்தப் பெண் எங்கள் ஊழியர் அல்ல என்று அங்கிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் விதிப்படிதான் எழுதியிருந்தார்கள். என் பொய்யை ஒரே நாளில் ஏற்றுக்கொண்ட மேஜைகள் உண்மையை ஏற்றுக்கொள்ள இடம் இல்லை என்றன.

நீங்கள் யாரையும் சந்தேகப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாவு காணாமல் போகத்தான் செய்யும். போய்ப் பாருங்கள், கேளுங்கள். ஆனால் ஒரு தாய் ‘வாங்கவில்லை’ என்று சொன்னால், யாருக்கு முன்னால் நின்று அதைச் சொல்கிறாள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் முடிவுக்குப் பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டால் அதை முதலில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். நான் விட்டவன், அதனால் தெரியும்.

இரண்டு பதில்களையும் எடுத்துக்கொண்டு குடிபாலாவுக்குப் போனேன். கன்னியம்மா அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மல்லாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முன்பைவிட மெலிந்திருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“இன்னா சாமி, இங்கயும் செக்கிங்கா?”

நான் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி அவளும் சொல்லவில்லை. கயிறுகளைப் பார்த்ததையும், பதினாறு கைநாட்டையும், இரண்டு பதில்களையும் பற்றிச் சொன்னேன். கை நிற்காமல் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“சரி உடுங்க. போனது போச்சி.”

“இன்னொண்ணு சொல்லணும்” என்றேன். “அன்னிக்குப் பவுனு குழந்தை உதட்டுல கஞ்சி காஞ்சிருந்தது. நான் பார்த்தேன்.”

“நானும் பாத்தேன் சாமி. நீங்க பாத்ததையும் பாத்தேன்.”

“அப்போ நீங்களாவது சொல்லியிருக்கலாமே?” முதல் தடவையாக நீங்க என்றேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

“நான் சொன்னா பவுனு மாட்டிக்குவா. வயித்துல வேற ஒண்ணு வச்சிகினு கீறா. நீங்க சொன்னா அது வேற. ஆபீசரு கண்டுபுட்ச்சதா ஆயிடும். சொல்லுவீங்கன்னுதான் பாத்துகினே நின்னேன்.”

அவள் அடுத்த கொட்டையை எடுத்தாள்.

“பவுனு பொண்ணு இப்போ எவ்ளோ ஒசரம் கீது?” என்றாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

“நோட்டு வாணாம். கையில காட்டுங்க.”

குனிந்து, தரையிலிருந்து அந்தக் குழந்தையின் தலை இருந்த இடத்தில் உள்ளங்கையை நிறுத்திக் காட்டினேன். அவள் உரிப்பதை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் மேல காட்டுங்க சாமி” என்றாள்.

என்னால் கையை உயர்த்த முடியவில்லை.